டிண்டட் ஃபிலிம் ஏன் ஒரு பக்கமாகவே சுருங்குகிறது? இழுவையும் பாலியெஸ்டர் படிகமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில், காடிக் (கார்) கண்ணாடிக்கு டிண்டட் என்னும் கருமையான நெகிழித் தாள் ஒட்டும் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். காடியின் பின்கண்ணாடி தட்டையானது அல்ல. மேலும் கீழும், இடமும் வலமும் வளைந்தது. அதன் வெளிப்பக்கத்தில் ஃபிலிமை விரித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓரங்களில் விரல் விரலாக மடிப்பு எழும்பி நிற்கும். கடைக்காரர் வெப்பக்காற்று அடித்ததும் அந்த மடிப்புகள் சுருங்கி, ஃபிலிம் கண்ணாடியின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் ஃபிலிமை வெட்டுவதற்கு முன்பே அவர் ஒன்றை உறுதி செய்துகொள்வார்: சுருளிலிருந்து அது எந்தத் திசையில் இறங்கியது என்பதை. சுருளின் நீளவாக்கில் ஃபிலிம் நன்றாகச் சுருங்கும். அகலவாக்கில் எவ்வளவு சூடு காட்டினாலும் அவ்வளவாக மசியாது. திசை மாறிப்போனால் அந்தத் துண்டு வீண்.

பார்க்க எல்லாப் பக்கமும் ஒன்று போலவே இருக்கும் ஒரு நெகிழித் தாளுக்கு நீளம் எது, அகலம் எது என்று எப்படித் தெரிகிறது?

இன்னும் இரண்டு கேள்விகளையும் கூடவே எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய தண்ணீர் போத்தலில் கொதிநீர் ஊற்றினால் அது ஏன் கோணிச் சுருங்கிவிடுகிறது? அதே பொருளால் ஆன வெள்ளைத் தட்டு மட்டும் எப்படி உணவோடு அடுப்புச் சூட்டைத் தாங்குகிறது? டிண்டட் ஃபிலிம், போத்தல், வெள்ளைத் தட்டு மூன்றும் ஒரே பாலியெஸ்டர். மூலக்கூறு ஒன்றுதான். அதை இழுத்தார்களா, எந்தச் சூட்டில் இழுத்தார்கள், இழுத்தபின் என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதலில் பொருள்

பாலியெஸ்டர் என்பது ஒரு குடும்பப் பெயர். நாம் பேசுவது அதில் ஒன்று: போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண்ணோடு இருக்கும் 'பெட்'. முழுப்பெயர் பாலி எத்திலீன் டெரெப்தலேட். 1941-இல் இங்கிலாந்தில் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற நிறுவனத்தில் வேலை செய்த வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் சொல்லும் 'டெரிலின் சட்டை' இதே பொருளின் நூலில் நெய்ததுதான். நூலாக இல்லாமல் தாளாக வந்தபோது மைலார், மெலினெக்ஸ், லுமிரர் என்று வேறு வேறு வணிகப் பெயர்கள் வந்தன.

இதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று பென்சீன் வளையம்: தட்டையானது, விறைப்பானது, வளையாது. மற்றொன்று இரண்டு கரிம அணுக்கள் கொண்ட கிளைக்கால் (glycol) என்ற துண்டு: மூட்டுப் போலத் திரும்பக்கூடியது. இப்படிச் சுமார் நூறு கண்ணிகள் சேர்ந்தால் ஒரு சங்கிலி. அதை முழுக்க நீட்டிப் பிடித்தால் நூறு நானோமீட்டர் அளவு வரும் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). யாரும் நீட்டிப் பிடிக்காதபோது அது தன்னையே சுற்றிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடும் சிக்கிக் கிடக்கும். எண்ணெய் வைக்காமல் மூன்று நாள் விட்ட கூந்தல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போவதற்கு நான்கு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்.

1. உருவற்ற நிலை: சங்கிலிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிக்கிக் கிடக்கும் நிலை. இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.335 கிராம்.

2. படிகம்: சங்கிலிகள் பக்கம் பக்கமாக, வளையத்துக்கு நேர் வளையம் வரும்படி அடுக்காக அமைந்த பகுதி. இதன் அடர்த்தி 1.455 கிராம். இந்த அடுக்கின் அமைப்பை எக்ஸ்ரே கொண்டு அளந்து 1954-இல் வெளியிட்டவர்கள் டாபெனி, பன், பிரவுன் என்ற மூவர். சங்கிலியின் திசையில் அடுக்கின் ஓர் அலகு, அதாவது ஒரு கண்ணியின் நீளம், 10.75 ஆங்ஸ்ட்ரம் (பத்து ஆங்ஸ்ட்ரம் ஒரு நானோமீட்டர்). ஒரு கண்ணியை முடிந்த மட்டும் நீட்டினாலும் அது 10.9 ஆங்ஸ்ட்ரத்தைத் தாண்டாது. அதாவது, படிகத்துக்குள் சங்கிலி ஏறக்குறைய முழுக்க நீண்ட நிலையில்தான் இருக்கிறது. இந்த ஒரு தகவலை நினைவில் வையுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

3. இளகும் வெப்பநிலை: பாடநூல்கள் இதைக் கண்ணாடி மாறுநிலை என்று சொல்லும். பெட்டுக்கு இது 70 முதல் 80 டிகிரி செல்சியஸ். இதற்குக் கீழே உருவற்ற பகுதிகள் கண்ணாடி போல உறைந்திருக்கும். இதற்கு மேலே மூட்டுகள் திரும்பத் தொடங்கி, பொருள் ரப்பர் போலாகும்.

4. உருகுநிலை: படிகங்களே கலைந்து போகும் வெப்பம். பெட்டுக்கு 250 முதல் 260 டிகிரி வரை.

இளகும் வெப்பநிலைக்கும் உருகுநிலைக்கும் இடையில் 180 டிகிரி அகலமான ஓர் இடைவெளி இருக்கிறது. பாலியெஸ்டர் தொழிலின் வித்தை முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்கிறது.

சூட்டில் வரும் படிகம் வேறு, இழுவையில் வரும் படிகம் வேறு

உருகிய பெட்டைச் சட்டெனக் குளிர்வித்தால் சங்கிலிகளுக்கு அடுக்காக அமைய நேரம் இருக்காது. கண்ணாடி போலத் தெளிந்த, உருவற்ற தாள் கிடைக்கும். அந்தத் தாளை இழுக்காமல், 170, 180 டிகிரிச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் ஆங்காங்கே படிக விதை தோன்றி, அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் கதிர் விரிந்து, உருண்டை உருண்டையாக வளரும். அந்த உருண்டைகள் ஒளியின் அலைநீளத்தை விடப் பெரியவை. அதனால் ஒளி சிதறித் தாள் வெளுத்துவிடும். மடித்தால் உருண்டைகளுக்கு இடையிலான எல்லைகளில் விரிசல் ஓடும். அடுப்புச் சூட்டைத் தாங்கும் வெள்ளைத் தட்டு இப்படி வேண்டுமென்றே படிகமாக்கப்பட்டது. சூடு தாங்கும், கெட்டியாக இருக்கும், ஆனால் ஊடே பார்க்க முடியாது.

அதே உருவற்ற தாளை 90 டிகிரிக்குச் சூடாக்கி, மூன்று மடங்கு நீளத்துக்கு விரைவாக இழுத்தால் கதை வேறு. 90 டிகிரியில் சும்மா வைத்திருந்தால் படிகம் வர மணிக்கணக்கு ஆகும். இழுக்கும்போது ஒரு விநாடிக்குள் வந்துவிடுகிறது. வந்த படிகங்கள் சில நானோமீட்டர் அளவே இருக்கும். ஒளிக்கு அவை தட்டுப்படுவதில்லை. அதனால் தாள் தெளிவாகவே இருக்கிறது. எல்லாப் படிகங்களும் இழுத்த திசையைப் பார்த்து நிற்பதால் வலிமையும் கூடுகிறது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'படிகத்தன்மை 50 விழுக்காடு' என்று ஒரு நெகிழியைப் பற்றி எழுதினால், அதன் குணம் முழுவதும் தெரிந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வெளுத்த தட்டும் தெளிந்த ஃபிலிமும் அடர்த்தியில் ஒரே எண்ணைக் காட்ட முடியும். ஒன்று மடித்தால் உடைகிறது. மற்றொன்றைக் கையால் கிழிக்க முடியவில்லை. எவ்வளவு படிகம் என்ற கேள்வியை விட, எந்த அளவில், எந்தத் திசையில், எதனால் வந்த படிகம் என்ற கேள்விதான் முக்கியம்.

பால்மரம் முன்பே காட்டியது

இழுத்தால் படிகமாகும் என்ற செய்தி தோட்டத்து ஊர்களுக்குப் புதிதாக இருக்க வேண்டியதில்லை. 1877-இல் மலாயாவுக்கு வந்த முதல் பால்மரக் (ரப்பர் மரக்) கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது பக்கம்தான். அந்த மரத்தின் பாலும் இதே வித்தையைச் செய்கிறது. வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, நீளமாக இழுத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அவர்கள் கையில் நடந்ததும் இதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து உதட்டில் ஒட்டிப் பிடியுங்கள். சட்டென இழுத்தால் வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே சற்று நேரம் வைத்திருந்து, சட்டென விட்டால் குளிர்ச்சி தெரியும். 1805-இல் இதை எழுதி வைத்தவர் ஜான் கோஃப், பார்வையற்ற ஓர் ஆங்கிலேய அறிஞர். கண்ணில்லாதவர் உதட்டால் கண்டதை, அரை நூற்றாண்டு கழித்து 1859-இல் ஜூல் என்ற இயற்பியலாளர் கருவி வைத்து அளந்து உறுதி செய்தார். 1925-இல் காட்ஸ் என்பவர் இழுத்த ரப்பருக்குள் எக்ஸ்ரே பாய்ச்சினார். இழுக்காத ரப்பர் மங்கலான ஒரு வளையத்தை மட்டும் காட்டியது. இழுத்த ரப்பரோ படிகத்துக்கு உரிய கூர்மையான புள்ளிகளைக் காட்டியது. விட்டதும் புள்ளிகள் மறைந்தன.

காரணம் இதுதான். சிக்கிக் கிடக்கும் சங்கிலிக்குக் கோடிக்கணக்கான விதமாகச் சுருண்டுகொள்ளும் சுதந்திரம் உண்டு. படிகத்துக்குள் போனால் அந்தச் சுதந்திரம் போய்விடும். அதனால் சங்கிலி எளிதில் போகாது. ஆனால் நாம் இழுத்து நீட்டிவிட்டால், அந்தச் சுதந்திரத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே பறித்துவிட்டோம். இனி படிகத்துக்குள் போவதால் அதற்கு இழப்பு கொஞ்சம்தான். ஆகவே சாதாரணமாக உருகிக் கிடக்கும் வெப்பத்திலேயே படிகம் நிலைக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், இழுவை உருகுநிலையை மேலே தூக்கிவிடுகிறது.

ரப்பருக்கும் பாலியெஸ்டருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, விட்டபின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. ரப்பரின் இளகும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 70 டிகிரி. நம் ஊர் வெயிலில் அது எப்போதும் இளகியே இருக்கிறது. விட்டதும் படிகம் கரைந்து பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். பாலியெஸ்டரை 90 டிகிரியில் இழுத்து, பிடித்தபடியே 30 டிகிரிக்குக் குளிர்வித்தால், இளகும் வெப்பநிலைக்குக் கீழே போய்விடுகிறது. படிகமும் இருக்கிறது, சுற்றியுள்ள உருவற்ற பகுதியும் இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடுகிறது. ரப்பர் உடனே திரும்பிவிடும். பாலியெஸ்டர் திரும்பும் ஆசையை உள்ளே பூட்டி வைத்திருக்கும். டிண்டட் கடைக்காரரின் வெப்பக்காற்று திறப்பது அந்தப் பூட்டைத்தான்.

இழுக்கும் அந்த ஒரு விநாடிக்குள்

தாளை இளகும் வெப்பநிலைக்குச் சற்று மேலே வைத்து இழுக்கும்போது நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. முதல் இரண்டு மடங்கு வரை பெரிதாக எதிர்ப்பு இருக்காது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிய இடங்கள் முடிச்சுப் போலச் செயல்பட, முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் மெல்ல நீள்கின்றன.

2. கிளைக்கால் மூட்டுகள் திரும்புகின்றன. உருவற்ற நிலையில் பெரும்பாலான மூட்டுகள் மடங்கிய நிலையில் இருக்கும். இழுபடும்போது அவை நேரான நிலைக்கு மாறுகின்றன. படிகத்துக்குள் நேரான மூட்டுக்கு மட்டுமே இடம் என்பதால், இது நுழைவுச் சீட்டு வாங்குவது போல. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் ஆய்வகங்கள் இந்த இரண்டு வகை மூட்டுகளையும் தனித்தனியாக எண்ணிவிடும்.

3. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக வந்து இணையாக நிற்கின்றன. இன்னும் முழுப் படிகம் இல்லை, உருவற்றதும் இல்லை. இந்த இடைநிலையை, மிக வலிமையான எக்ஸ்ரே கதிர்களால் இழுக்கும்போதே படம் பிடித்துக் கண்டார்கள். கண நேரமே நிலைத்து, படிகமாக மாறிவிடும் விருந்தாளி அது.

4. இரண்டரை, மூன்று மடங்கு தாண்டும்போது சிறு படிகங்கள் உருவாகி, அவையே புதிய முடிச்சுகளாகின்றன. அதன்பிறகு தாளை இழுக்கத் தேவைப்படும் விசை சட்டென ஏறுகிறது.

நான்காவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு தாளை இழுத்தால் மெல்லிய இடம் இன்னும் மெலிந்து அறுந்துபோக வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இங்கே நேர்மாறு. மெல்லிய இடம் முதலில் நீண்டு, முதலில் படிகமாகி, முதலில் விறைத்துக்கொள்கிறது. அதன்பின் இழுவை தடித்த இடத்துக்குப் போகிறது. தாள் தன் கனத்தைத் தானே சமன் செய்துகொள்கிறது. யாரும் போய் ஒவ்வோர் அங்குலத்தையும் திருத்தாமலே, முடியை விட மெல்லிய ஃபிலிம் ஆயிரக்கணக்கான மீட்டர் ஒரே கனத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நெகிழிப் போத்தலை ஊதும்போதும் இதே குணம்தான் சுவரைச் சீராக்குகிறது.

சூடு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் தாள் ஓரிடத்தில் மட்டும் கழுத்துப் போல ஒடுங்கி நீளும், அல்லது அறுந்துபோகும். மிகக் கூடினால் சங்கிலிகள் முடிச்சிலிருந்து நழுவித் தேன் போல வழிந்துவிடும். நீளம் வரும், திசையும் படிகமும் வராது. வேகத்துக்கும் இதே கணக்கு. மெதுவாக இழுத்தால் சங்கிலிக்கு நழுவ நேரம் கிடைத்துவிடும்.

ஆலையில் இரண்டு திசை

ராஃபியா கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாலியெஸ்டர் அல்ல, பாலிபுரொப்பிலீன். ஆனாலும் பாடம் ஒன்றே. நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் அறாது. நகத்தால் ஓரத்தைக் கீறினால் நார் நாராகப் பிரிந்துவிடும். ஒரே திசையில் மட்டும் இழுத்த நெகிழியின் கதி அதுதான்: சங்கிலிகள் எல்லாம் ஒரு பக்கம் பார்த்து நிற்க, குறுக்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கயிற்றுக்கும் துணி நூலுக்கும் அது போதும். தாளுக்குப் போதாது.

அதனால் ஃபிலிமை இரண்டு திசையிலும் இழுக்கிறார்கள். பினாங்கில் ஜப்பானின் டோரே குழுமத்தின் ஆலையும் பாலியெஸ்டர் ஃபிலிம் செய்கிறது. இந்தத் தொழிலில் பொதுவாக நடக்கும் முறை இது:

முதலில் பெட் மணிகளை உலர்த்தி, 280 டிகிரி அளவில் உருக்கி, அகலமான பிளவு வழியே தாளாகத் தள்ளிக் குளிர்ந்த உருளையில் படியவிடுவார்கள். இது உருவற்ற தாள். அடுத்து 80 முதல் 100 டிகிரியில் உருளைகளுக்கு இடையே ஓடவிடுவார்கள். பின் உருளை மெதுவாகவும் முன் உருளை மூன்று மடங்குக்கு மேல் வேகமாகவும் சுற்றும். தாள் நீளவாக்கில் இழுபடும். பிறகு தாளின் இரு ஓரங்களையும் கவ்விகள் பிடித்துக்கொண்டு, நீண்ட சூட்டடுப்புக்குள் கொண்டுபோகும். கவ்விகள் ஓடும் தண்டவாளங்கள் போகப் போக விலகுவதால், தாள் அகலவாக்கில் மூன்றரை, நான்கு மடங்கு விரியும். ரொட்டி சானாய் மாவை வீசி விரிப்பவர் கையில் பார்த்தால் புரியும்: கனம் குறைந்துகொண்டே போகும், பரப்பு கூடும். பன்னிரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபிலிம் வேண்டும் என்றால், குளிர்ந்த உருளையில் படிந்த தாள் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தடிமனாக இருந்திருக்க வேண்டும்.

மாவை வீசியவுடன் விட்டால் சற்றுச் சுருங்கும் அல்லவா? ஃபிலிமும் அப்படித்தான். அதைத் தடுக்கக் கடைசியாக ஒரு படி இருக்கிறது. கவ்விகள் பிடித்த பிடியை விடாமல், 200 முதல் 230 டிகிரிச் சூட்டில் சில விநாடிகள் ஓட்டுவார்கள். இதற்குச் சூட்டில் நிலைநிறுத்துதல் என்று பெயர் வைக்கலாம். இழுவையில் பிறந்த சிறு, குறைபாடுள்ள படிகங்கள் இங்கே கரைந்து, மேலும் சீரான படிகங்களாகத் திரும்ப வளர்கின்றன. அவற்றை இணைக்கும் உருவற்ற சங்கிலிகளின் முறுக்கு ஓரளவு தளர்கிறது. அடர்த்தி 1.39, 1.40 வரை ஏறுகிறது.

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். நிலைநிறுத்தும் அடுப்பின் கடைசிப் பகுதியில், இரு பக்கத் தண்டவாளங்களையும் கொஞ்சம் உள்ளே கொண்டுவர முடியும். தாள் அகலவாக்கில் சற்றுத் தளர்ந்து, அங்கே பூட்டிக் கிடந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறது. நீளவாக்கில் அப்படி வழியில்லை; ஒரே ஓரத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் கவ்விகளுக்கு இடையிலான தூரம் சாதாரணமாக மாறாதது. ஆகவே நீளவாக்கில் இழுத்த இழுப்பு பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. சுருளைப் பிரித்து, கண்ணாடியில் விரித்து, வெப்பக்காற்று காட்டும்போது அந்தப் பாக்கிதான் வெளியே வருகிறது. மற்றப் பயன்பாடுகளில் இந்த மிச்சச் சுருக்கம் தொல்லை. டிண்டட் தொழிலில் அது வேண்டும். அது இல்லாவிட்டால் வளைந்த கண்ணாடிக்கு ஃபிலிம் பொருந்தாது.

ஒரு பக்கக் குறிப்பு: டிண்டட்டின் கருமைக்கும் இந்தப் படிகத்துக்கும் தொடர்பு இல்லை. அடிப்படை பெட் தாள் தெளிவானதே. கருமையைக் கொடுப்பவை சாயம், உலோகப் பூச்சு, பீங்கான் துகள் போன்றவை. முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளி உள்ளே வர வேண்டும் என்ற நம் நாட்டு விதி அந்தப் பூச்சுகளைப் பற்றியது.

எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்

அடர்த்தியை அளப்பது எளிய வழி. உருவற்றதற்கு 1.335, முழுப் படிகத்துக்கு 1.455, இரண்டுக்கும் இடைவெளி 0.120. கையில் உள்ள ஃபிலிம் 1.395 காட்டினால், 0.060-ஐ 0.120-ஆல் வகுக்க, பாதி படிகம். கணக்கு அழகாக இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. இழுபட்ட ஃபிலிமில் உருவற்ற பகுதிகளும் கொஞ்சம் இறுகி, 1.335-ஐத் தாண்டியிருக்கும். அதையும் படிகம் என்று எண்ணிவிடுகிறோம். எக்ஸ்ரேதான் திசையையும் சேர்த்துச் சொல்லும். இரு திசையிலும் இழுத்த ஃபிலிமில் அது காட்டும் ஒரு செய்தி எதிர்பாராதது: சங்கிலிகள் தாளின் தளத்தில் படுத்திருப்பது மட்டுமல்ல, பென்சீன் வளையங்களும் பெரும்பாலும் தட்டையாக, தாளின் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு போல.

அதன் விளைவை ஒளியில் பார்க்கலாம். இழுக்காத பெட்டின் ஒளிவிலகல் எண் எந்தத் திசையிலும் 1.575. இரு திசையிலும் இழுத்த ஃபிலிமில் தாளின் தளத்தில் அது 1.65 அளவுக்கு ஏறுகிறது. கனத்தின் திசையில் 1.50-க்கு இறங்குகிறது. மடிக்கணினியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் தெளிந்த பாலியெஸ்டர் தாள் ஒன்றைப் பிடித்து, போலராய்டு வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். டிண்டட் ஒட்டும்போது உரித்துப் போடும் தாளும் பெட்தான், அதையே எடுத்துக்கொள்ளலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் இல்லாத தாளில் வானவில் நிறங்கள் ஓடும். தாளைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். ஆலையில் எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தார்கள் என்பதன் படம் அது.

கையில் படும் விளைவுகள்

வலிமை மூன்று, நான்கு மடங்கு கூடுகிறது. 1960-இல் விண்ணுக்குப் போன எக்கோ 1 செயற்கைக்கோள், 30 மீட்டர் விட்டமுள்ள ஓர் ஊதல் பந்து. அதன் தோல் வெறும் 12.7 மைக்ரான் மைலார், மேலே அலுமினியப் பூச்சு.

ஆனால் வலிமை என்ற ஒரே சொல்லில் ஏமாறக் கூடாது. த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொட்டலத்தை ஓரத்தில் வெட்டு இல்லாத இடத்தில் கிழித்துப் பாருங்கள். பல்லைக் கொண்டுதான் போக வேண்டும். வெட்டு உள்ள இடத்தில் பிடித்தால் சர்ரென்று போய்விடும். பொட்டலத்தின் வெளி அடுக்கில் வழக்கமாக இருப்பது இழுத்த ஃபிலிம்தான். ஏற்கெனவே நீண்டு நிற்கும் சங்கிலிகளுக்கு மேலும் நீள இடமில்லை. தொடங்காத வரைக்கும் தாங்கும். கிழிசல் தொடங்கிவிட்டால் அதை மழுக்கி நிறுத்த ஆளில்லை. அந்த விஷயத்தில் பால்மரத்து ரப்பர் கெட்டிக்காரன். கிழிசலின் முனையில் இழுபடும் இடம் அங்கேயே, அப்போதே படிகமாகி வழியை அடைக்கிறது. விமானச் சக்கரங்களில் இன்றும் இயற்கை ரப்பருக்கு இடம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றும் எளிதில் புகாது. உயிர்வளி படிகத்துக்குள் நுழைய முடியாமல் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. இறுகிய உருவற்ற பகுதியும் எளிதில் வழிவிடாது. இழுக்காத தாளோடு ஒப்பிட்டால் ஊடுருவல் பாதி அளவுக்குக் குறைகிறது.

இனிப் போத்தல். அதன் உடல் இரு திசையிலும் இழுத்து ஊதப்பட்டது, படிகமும் உண்டு. ஆனால் சாதாரணத் தண்ணீர் போத்தலைச் சூட்டில் நிலைநிறுத்துவதில்லை, தேவையும் இல்லை. கொதிநீர் 75 டிகிரிப் பூட்டைத் திறந்துவிடுகிறது. உருவற்ற சங்கிலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கின்றன, போத்தல் கோணிக்கொள்கிறது. சூடாக நிரப்பப்படும் பானங்களின் போத்தல்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் உடல் தெளிவாக, கழுத்து மட்டும் வெள்ளையாக இருக்கும். உடலைச் சூடான அச்சில் ஊதி நிலைநிறுத்தியிருப்பார்கள். கழுத்தை இழுக்க வழியில்லை. மூடித் திருகு அங்கே இருக்கிறது. அதனால் அதை மட்டும் சூடு காட்டி, உருண்டைப் படிகமாக்கிக் கெட்டியாக்கியிருப்பார்கள். இழுவைப் படிகமும் சூட்டுப் படிகமும் ஒரே போத்தலில், ஒன்று தெளிவாகவும் ஒன்று வெள்ளையாகவும்.

போத்தலை இறுக்கிப் பிடித்திருக்கும் வண்ணச் சுற்றுத்தாளுக்கு இதற்கு நேர் எதிரான குணம் வேண்டும். அங்கே படிகமே வரக்கூடாது. அதற்காக இன்னொரு வகை கிளைக்காலைக் கலந்து, சங்கிலிகள் சீரான அடுக்காக அமைய முடியாதபடி செய்துவிடுகிறார்கள். அந்தத் தாளை இழுத்தால் திசை வரும், படிகம் வராது. பிடித்து நிறுத்தும் முடிச்சுகள் இல்லை. சூடான காற்றோ நீராவியோ பட்டதும் பாதிக்கு மேல் சுருங்கிப் போத்தலின் இடுப்பைக் கவ்விக்கொள்கிறது. திசை ஒன்று, படிகம் இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மறுபடியும் டிண்டட் கடை. வெப்பக்காற்றை ஒரே இடத்தில் நிறுத்தாமல், வருடுவது போல ஓட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் கைப்பழக்கம் மட்டும் அல்ல. ஃபிலிமுக்குள் இருக்கும் பாக்கி அளவானது. ஒரு மடிப்பை அழுத்தமாகச் சுருக்கிவிட்டால், அந்த இடத்துச் சங்கிலிகள் தளர்ந்து, பக்கத்தில் உள்ள படிகங்களும் இன்னும் கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் அங்கே மடிப்பு மிஞ்சினால் எவ்வளவு சூடு காட்டியும் பயனில்லை. புதுத் துண்டு வெட்ட வேண்டியதுதான்.